சீமைப் படிப்பும் ஊர்க் கணக்கும்

கடையநல்லூரிலிருந்து மதுரைக்குப் போகும் ராஜபாட்டை பார்ப்பதற்கு ரம்மியமானது. மேற்கே மலைத்தொடர் வெகு தூரம் கூடவே வந்துகொண்டிருக்கும். இரு பக்கமும் வயல்களும் குளங்களும் தோப்புகளும் காட்சி தரும். புளியங்குடியில் எலுமிச்சம்பழ வியாபாரம், ராஜபாளையத்தில் பஞ்சாலைகள், ஸ்ரீவில்லிபுத்தூரில் வானளாவிய கோபுரம், அப்புறம் டி. கல்லுப்பட்டி, அதன் பிறகு திருமங்கலம், மதுரை. இந்தச் சாலையில் இந்நாளில் பிரயாணம் செய்யும் வாலிபர்களிலும் யுவதிகளிலும் சிலருடைய கையில் ஒரு காகிதக் கட்டு இருக்கும். பரீக்ஷையில் வாங்கிய மார்க்குகளின் பத்திரம், பாங்கிக்கு எழுதிய கடன் மனு, அயல் தேசத்துச் சர்வகலாசாலை ஒன்றிலிருந்து வந்த அநுமதிக் கடிதம் ஆகியவை அதில் அடங்கியிருக்கும். அவர்களில் பலர் படிக்க விரும்புவது வியாபார நிர்வாகம். ஐ.சி.எஸ். என்ற மூன்று எழுத்துக்கள் நம் பாட்டனார் காலத்தில் பெற்றிருந்த மதிப்பை, எம்.பி.ஏ. என்ற மூன்று எழுத்துக்கள் இன்று நம் வீடுகளில் பெற்றிருக்கின்றன.

இந்தப் படிப்புக்காகக் குடும்பத்தின் வீடு ஈட்டுக்குப் போகிறது. அம்மாவின் வளையல்கள் பெட்டியை விட்டுப் புறப்படுகின்றன. தங்கையின் கலியாணம் இரண்டு வருஷம் தள்ளி வைக்கப்படுகிறது. இவ்வளவும் செய்தபின் விளையும் நன்மை என்ன? அயல் நாட்டில் வியாபாரம் படித்தவனுக்குப் பிற்கால வாழ்க்கையில் அது எந்த விதத்தில் கைகொடுக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தேட நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. மேலே சொன்ன சாலையிலேயே, டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில், தம் வாழ்வின் கடைசி வருஷங்களைக் கழித்த பெரியவர் ஒருவர் இருந்தார். எளிய கதருடையில் கிராமத்தாரோடு வாழ்ந்த அவர், அமெரிக்காவில் ஸிரக்யூஸ் சர்வகலாசாலையில் வியாபார நிர்வாகத்தில் பட்டம் பெற்றவர். அவர்தாம் ஸ்ரீ ஜே. ஸி. குமரப்பா. அவருடைய சரித்திரம் நம் கேள்விக்கு நேரான விடையாக அமைந்திருக்கிறது.

கடல் கடந்த ஊர்

அதற்கு முன்னால் கடையநல்லூரைப் பற்றிச் சில வார்த்தைகள். 2019 ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் திருநெல்வேலி ஜில்லாவிலிருந்து பிரிந்த தென்காசி ஜில்லாவைச் சேர்ந்தது இவ்வூர். குற்றாலத்து அருவிகளுக்குப் போகிறவர்கள் பஸ்ஸின் ஜன்னல் வழியாக இதைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் வெளி உலகத்தை அறிந்த விஷயத்தில் கடையநல்லூர் பல பெரிய நகரங்களுக்கு முந்தியது. நெசவுக்குப் பேர்போன இவ்வூரிலிருந்து, விமானமும் விசாவும் இல்லாத நாட்களிலேயே, தறியைக் கட்டிவிட்டுக் கப்பலேறிச் சிங்கப்பூருக்குப் போன முஸ்லிம் குடும்பங்கள் அநேகம். பிற ஊர்களிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் மட்டும் போய்ப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கடையநல்லூர்க்காரர்களோ மனைவி மக்களையும் அழைத்துச் சென்று தஞ்சோங் பகார் பகுதியில் குடியேறினார்கள். ஆண்கள் உடலை வருத்தி உழைத்தார்கள். பெண்கள் அம்மியில் மசாலா அரைத்துச் சந்தையில் விற்றார்கள். சீனரும் மலாய்க்காரரும் அந்த மசாலாவுக்கு வாடிக்கைக்காரர்கள் ஆனார்கள்.

அவர்களில் எவரும் வியாபாரக் கலாசாலையின் வாசற்படியை மிதித்தவரல்லர். ஆயினும், அயலூரில் பிழைக்க வேண்டுமானால் ஒன்றுசேர வேண்டும், வரவு செலவைப் பொதுவில் வைக்க வேண்டும் என்ற பாடத்தைச் சந்தையே அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தது. 1941ல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற சங்கத்தை ஸ்தாபித்தார்கள். யுத்தமும் ஜப்பானிய ஆட்சியும் முடிந்த மறு வருஷமே, 1946ல், அந்தச் சங்கம் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. மசாலா அரைத்தும் மூட்டை சுமந்தும் வாழ்ந்தவர்கள், சீறாப்புராணம் பாடிய கவிஞரின் பெயரால் பள்ளிக்கூடம் வைத்தார்கள்! பிற்காலத்தில் அது சிங்கப்பூரில் தமிழ் வழியில் கற்பித்த உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, 1982 வரை நடந்தது. அந்தப் பெயர் இன்றைக்கும் அங்கே ஒரு தமிழ்மொழி நிலையத்துக்கு இருந்து வருகிறது.

ஆகவே, அயல் தேசம் என்ற சொல் கடையநல்லூர் வீடுகளுக்குப் புதிதல்ல. உழைக்கப் போன ஊரிலிருந்து இப்போது படிக்கப் போகிறார்கள் என்பதே வித்தியாசம். முன்னே போனவன் முதல் மாதத்திலேயே பணம் அனுப்பினான். இப்போது போகிறவனுக்கு இங்கிருந்து பணம் போகிறது. இந்த வித்தியாசத்தை மறவாமல் மேலே செல்வோம்.

தஞ்சாவூர்க் கணக்கர்

ஸ்ரீ குமரப்பா 1892 ஜனவரி 4 ஆம் தேதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அந்நாளில் அவர் பெயர் ஜோஸப் செல்லத்துரை கொர்னேலியஸ். வாலிபப் பருவத்தில் லண்டனுக்குச் சென்று கணக்குப் பரிசோதகர் தொழிலைப் பயின்றார். 1919ல் தாயகம் திரும்பி, பம்பாயில் அந்தத் தொழிலை நடத்தி வந்தார். நல்ல வருமானம்; மேனாட்டு உடை; மேனாட்டு வாழ்க்கை. அந்த நிலையிலேயே அவர் இருந்திருந்தால், பம்பாய்ப் பணக்காரர்களுக்குள் ஒருவராக முடிந்திருப்பார். நாம் அவரைப் பற்றி எழுத நேர்ந்திராது.

1927ல் அவர் அமெரிக்காவுக்குப் போனார். முப்பத்தைந்து வயதில், தொழிலில் நிலைபெற்ற மனிதர், மறுபடியும் மாணவராகப் பெஞ்சில் உட்கார்ந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். 1928ல் ஸிரக்யூஸில் வியாபார நிர்வாகப் பட்டம் பெற்றபின் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா சர்வகலாசாலையில் சேர்ந்து, பொது நிதி சாஸ்திரத்தில் பேர்பெற்ற பேராசிரியர் ஸெலிக்மனிடம் பயின்றார்.

அங்கேதான் அவர் வாழ்க்கை திரும்பியது. இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்பதைப் பற்றி ஒரு மாதாகோயிலில் அவர் செய்த பிரசங்கம் பத்திரிகையில் வெளிவந்தது. அதைப் பார்த்த ஸெலிக்மன், இந்த விஷயத்தையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளும்படி சொன்னார். இந்திய சர்க்கார் வரியை எவ்விதம் வசூலிக்கிறது, வசூலித்ததை எதில் செலவிடுகிறது, அதற்கும் ஜனங்களின் வறுமைக்கும் என்ன சம்பந்தம் என்பதைக் கணக்கு மூலமாகவே நிரூபிக்க வேண்டும் என்று ஏற்பட்டது. குமரப்பா பட்ஜெட்டுகளை ஆராயத் தொடங்கினார். ஆராய ஆராய, தாம் அதுவரையில் நம்பியிருந்த பிரிட்டிஷ் ஆட்சியின் நன்மைகள் ஒவ்வொன்றாகக் கரைந்து போவதைக் கண்டார். லண்டனில் கற்ற கணக்குப் பரிசோதனை ஒரு கம்பெனியின் பேரேட்டைப் பார்க்க உதவியது. நியூயார்க்கில் கற்றதோ ஒரு ஸாம்ராஜ்யத்தின் பேரேட்டைப் பார்க்கும் கண்ணைக் கொடுத்தது.

இந்தியா திரும்பியதும் தம் கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு 1929 மே மாதம் 9 ஆம் தேதி ஸபர்மதியில் மகாத்மா காந்தியைச் சந்தித்தார். மகாத்மா அந்த நூலை "யங் இந்தியா"வில் தொடர்ச்சியாக வெளியிட இசைந்தார். அதோடு விடவில்லை. குஜராத்தில் கேடா ஜில்லாவிலுள்ள மாதர் தாலுகாவுக்குப் போய்க் கிராமங்களின் பொருளாதார நிலையைப் பரிசீலனை செய்யும்படி பணித்தார். கொலம்பியாவில் பயின்ற மனிதர் குஜராத் வித்யாபீடத்து மாணவர்களை அழைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். நிலம் எவ்வளவு, கடன் எவ்வளவு, மாடு எத்தனை, விளைச்சல் என்ன, வரி என்ன என்று குறித்துக்கொண்டார். அந்தப் பரிசீலனை 1931ல் நூலாக வெளிவந்தது. இந்தக் காலத்திலேயே கொர்னேலியஸ் என்ற பெயரை விட்டுக் குமரப்பா என்ற குடும்பப் பெயரை மேற்கொண்டார்.

படிப்பு கைகொடுத்த விதம்

குமரப்பா தேச சேவைக்கு வந்தபின் சீமையில் கற்ற வித்தையை மூலையில் போட்டுவிட்டார் என்று நேயர்கள் நினைக்கலாகாது. ஒவ்வொரு கட்டத்திலும் அந்த வித்தைதான் அவருக்கு ஆயுதமாக உதவியது.

1931ல் கராச்சி காங்கிரஸுக்குப் பின், பிரிட்டனுக்கும் இந்தியாவுக்கும் இடையேயுள்ள கடன் பொறுப்பை ஆராய ஒரு கமிட்டி நியமிக்கப்பட்டது. இந்தியாவின் பொதுக் கடன் என்று எழுதப்பட்டிருந்ததில் எவ்வளவு நியாயமாக நம்முடையது, எவ்வளவு பிறருடைய யுத்தங்களுக்காக நம் தலையில் எழுதப்பட்டது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். மேடையில் முழங்கக்கூடியவர்கள் காங்கிரஸில் அநேகர் இருந்தார்கள். பேரேட்டைப் புரட்டக்கூடியவர்கள் சிலரே. குமரப்பா அந்தக் கமிட்டியின் அமைப்பாளரானார்.

1934 ஜனவரியில் பீஹாரில் பூகம்பம் நேர்ந்தது. தேசமெங்கும் இருந்து நிதி வந்து குவிந்தது. அந்த நிவாரண நிதியின் கணக்கை மேற்பார்க்கும் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. தொண்டர்களின் சாப்பாட்டுச் செலவுக்கு அவர் கண்டிப்பான வரம்பு வகுத்தார். மகாத்மாவும் அவருடைய பரிவாரமும் வந்தபோது, அவர்களுடைய செலவை நிவாரண நிதியிலிருந்து கொடுக்க இயலாது என்று சொல்லிவிட்டார். மகாத்மா அதைச் சரியென்று ஏற்றுக்கொண்டார். துயரப்பட்டவர்களுக்கென்று வந்த பணத்தில் ஓர் அணாவும் வேறு வழியில் போகக்கூடாது என்ற இந்தப் பிடிவாதமே கணக்கர் தர்மத்தின் சாரம். பட்டத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதைக் காட்டிலும் இதுவல்லவா பெரிது?

அதே வருஷம் டிசம்பரில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் ஏற்பட்டபோது குமரப்பா அதன் காரியதரிசியானார். வார்தாவில் மகன்வாடியில் இருந்துகொண்டு செக்கு, கைக்குத்தல் அரிசி, காகிதம், வெல்லம், தேனீ முதலான தொழில்களை ஆராய்ந்தார். ஒரு தொழிலின் லாபத்தை முதலாளியின் பெட்டியை மட்டும் பார்த்துக் கணக்கிடக்கூடாது. மண்ணுக்கும் தொழிலாளிக்கும் வரும் காலத்துக்கும் அதனால் விளைவது என்ன என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்பது அவருடைய கொள்கை. யுத்த காலத்தில், இந்தியாவிலிருந்து பண்டங்கள் போய்க்கொண்டிருக்க, அவற்றுக்கு ஈடாகக் காகித நோட்டுக்கள் மட்டுமே பெருகுவதைக் கண்டித்து அவர் எழுதிய கட்டுரைக்காகச் சிறை வாசம் கிடைத்தது. சிறையில் இருந்தபடியே "நிலைத்த பொருளாதாரம்" என்ற கருத்தை விளக்கும் ஆங்கில நூலை எழுதினார். அதற்கு 1945ல் முன்னுரை எழுதிய மகாத்மா, அவரைக் கிராமக் கைத்தொழில் டாக்டர் என்று வேடிக்கையாகவும் மெய்யாகவும் குறிப்பிட்டார். ஸிரக்யூஸும் கொலம்பியாவும் கொடுத்த பட்டங்களுக்குமேல் இந்தப் பட்டமே அவருக்கு நிலைத்தது.

சுதந்திரம் வந்தபின் காங்கிரஸின் விவசாயச் சீர்திருத்தக் கமிட்டிக்குத் தலைமை தாங்கி, 1949ல் அறிக்கை சமர்ப்பித்தார். பிறகு கல்லுப்பட்டிக்கு வந்து தங்கினார். 1960 ஜனவரி 30 ஆம் தேதி, மகாத்மா மறைந்த அதே தேதியில், சென்னையில் காலமானார்.

இந்தச் சரித்திரத்திலிருந்து மூன்று லாபங்களைப் பிரித்துச் சொல்லலாம். முதலாவது, முறை. உணர்ச்சியாக இருந்த விஷயத்தைக் கணக்காக மாற்றும் பழக்கம். இரண்டாவது, தூரம். நம் ஊரின் முகம் நமக்குப் பக்கத்திலிருந்து தெரிவதில்லை. கடலுக்கு அப்பால் நின்று பார்க்கும்போதுதான் தெளிவாகத் தெரிகிறது. உன் தேசம் ஏன் ஏழையாக இருக்கிறது என்ற கேள்வியை ஓர் அயல் நாட்டுச் சபை கேட்க வேண்டியிருந்தது. மூன்றாவது, தகுதி. எதிராளியின் சாஸ்திரத்தை எதிராளியின் சர்வகலாசாலையிலேயே கற்றவனை, விஷயம் தெரியாதவன் என்று ஒருவரும் தள்ளிவிட முடியாது.

கணக்கும் மூலதனமும் இல்லாத தைரியம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் திருநெல்வேலிச் சீமையிலேயே உதாரணம் உண்டு. 1906ல் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய் என்று திட்டம். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, பின்னும் குறைத்தது, கடைசியில் இலவசமாக ஏற்றிச் சென்று குடையும் கொடுத்தது என்று சொல்வார்கள். 1908ல் பிள்ளையவர்கள் சிறைப்பட்டார். சில வருஷங்களில் கம்பெனியும் கலைந்தது. பிள்ளையவர்களின் தியாகத்துக்கு முன் நாம் தலை வணங்குகிறோம். ஆனால் பெருமூலதனம் படைத்த எதிரி நஷ்டத்துக்கு விற்று நம்மை ஒழிக்க முயன்றால் எத்தனை மாதம் தாக்குப் பிடிக்கலாம் என்பது வியாபாரக் கல்வியின் முதல் பாடங்களில் ஒன்று. அந்தப் பாடத்தை அன்று நம் தேசத்தில் கற்பிப்பார் இல்லை.

பிற்காலத்தவர் கண்டது

குமரப்பாவுக்குப் பின் இந்த வழியில் போன தமிழர்கள் பலர். அவர்களில் மூவரைப் பார்ப்போம்.

கோயம்புத்தூரில் 1941ல் பிறந்த ஸ்ரீ சி. கே. பிரஹலாத் சென்னை லயோலா கலாசாலையில் பௌதிகம் படித்து, ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து, ஆமதாபாத் நிர்வாகக் கழகத்தில் பயின்று, அதன் பிறகே அமெரிக்காவுக்குப் போய் 1975ல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்றார். மிச்சிகன் சர்வகலாசாலையில் பேராசிரியராக விளங்கினார். 2004ல் அவர் வெளியிட்ட நூலில், ஏழை ஜனங்களை வாடிக்கைக்காரர்களாக மதித்து நடத்தும் ஸ்தாபனங்கள் தழைக்கும் என்று வாதித்தார். அதற்கு அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி. மிச்சிகனில் அமர்ந்தவரின் கண் மதுரையில் இருந்தது.

சென்னையில் பிறந்த ஸ்ரீமதி இந்திரா நூயி கல்கத்தா நிர்வாகக் கழகத்தில் தேறி, இந்தியாவில் உத்தியோகமும் பார்த்தபின், 1978ல் யேல் சர்வகலாசாலைக்குச் சென்றார். செலவுக்குப் போதாமல், நள்ளிரவு முதல் விடியும் வரையில் விடுதி வரவேற்பு மேஜையில் வேலை பார்த்தார். 1980ல் பட்டம் பெற்றார். அதன் பிறகு பல கம்பெனிகளில் பதினான்கு வருஷம் உழைத்து, 1994ல் பெப்ஸி கம்பெனியில் சேர்ந்தார். அதன் பிரதம நிர்வாகியானது 2006ல். பட்டத்துக்கும் அந்த நாற்காலிக்கும் இடையே இருபத்தாறு வருஷ தூரம் என்பதைப் பத்திரிகைகளில் வரும் படம் சொல்வதில்லை; நாம் சொல்லியாக வேண்டும்.

மூன்றாமவர் திருக்குறுங்குடியைப் பூர்வீகமாகக் கொண்ட டி.வி.எஸ். குடும்பத்தைச் சேர்ந்த ஸ்ரீ வேணு ஸ்ரீநிவாஸன். கிண்டி என்ஜினீயரிங் கலாசாலையில் தேறி, அமெரிக்காவில் பர்டியூ சர்வகலாசாலையில் நிர்வாகம் பயின்று திரும்பினார். 1979ல் சுந்தரம்-கிளேட்டன் கம்பெனியின் பொறுப்பை ஏற்றார். ஆனால் அமெரிக்கப் படிப்போடு அவர் நிற்கவில்லை. ஜப்பானியர்களின் தர நிர்வாக முறையைத் தம் தொழிற்சாலையில் கொண்டுவந்தார். 1998ல் அக்கம்பெனியின் பிரேக் பகுதிக்கு ஜப்பானின் டெமிங் பரிசு கிடைத்தது. இந்தியக் கம்பெனி ஒன்று அப்பரிசைப் பெற்றது அதுவே முதல் தடவை. படிப்பு ஓரிடத்தில் முடிவதன்று; எங்கே நல்லது இருக்கிறதோ அங்கே போய்க் கற்கும் துணிவை அது கொடுக்க வேண்டும் என்பதற்கு இது சாட்சி.

இந்த மூவருக்கும் குமரப்பாவுக்கும் பொதுவாக ஓர் அம்சம் இருக்கிறது. ஒவ்வொருவரும் கப்பலோ விமானமோ ஏறுவதற்கு முன்பே இங்கே ஒரு வித்தையைக் கைவசமாக்கிக்கொண்டிருந்தார்கள். நால்வரில் பெரும்பாலோர் வேலை பார்த்த அநுபவத்தோடு போனார்கள். வெறுங்கையோடு போனவனுக்குச் சீமை முழம் போடாது.

செலவுப் பக்கம்

இதுவரையில் வரவுப் பக்கத்தைப் பார்த்தோம். கணக்கரைப் பற்றி எழுதிவிட்டுச் செலவுப் பக்கத்தை மறைப்பது தகாது.

ஒரு குடும்பம் 40 லட்சம் ரூபாய் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வட்டி நூற்றுக்குப் 10. பத்து வருஷத்தில் அடைப்பதானால் மாதம் ஏறக்குறைய 53,000 ரூபாய் கட்ட வேண்டும். படிக்கும் இரண்டு வருஷத்தில் வட்டியைக் கட்டாமல் விட்டால் அசல் 48 லட்சமாக நிற்கும். தவணை 63,000க்கு மேல் போகும். பெருந்தொகைக் கடனுக்குப் பாங்கிகள் பெரும்பாலும் வீட்டையோ நிலத்தையோ ஈடு கேட்கின்றன. பையன் அயல் நாட்டில் டாலரில் சம்பாதித்தால் இந்தத் தவணை பாரமாகத் தோன்றாது. ஊருக்குத் திரும்பி ஆரம்பச் சம்பளத்தில் அமர்ந்தால், சம்பளம் முழுவதும் பாங்கிக்கே போதாது. சம்பளக் கட்டணம் டாலரிலும் பவுனிலும் கட்ட வேண்டியிருப்பதால், நாணய மாற்று ஏறும்போது கடனும் ஏறுகிறது. 2022ல் ஒரு டாலரின் விலை 80 ரூபாயைத் தாண்டியபோது, பாதிப் படிப்பில் இருந்தவர்களின் பெற்றோர்கள் இதை நன்றாக உணர்ந்தார்கள்.

அயல் நாட்டில் தங்கி வேலை பார்க்கும் உரிமையோ நம் கையில் இல்லை. அமெரிக்காவில் பட்டம் பெற்றவர்களுக்குத் தொழிற்பயிற்சிக்கென்று 12 மாதம் அநுமதி உண்டு. விஞ்ஞானம், கணிதம், பொறியியல் வகையாக அங்கீகரிக்கப்பட்ட படிப்பானால் மேலும் 24 மாதம் கிடைக்கலாம். ஒரே சர்வகலாசாலையில் ஒரு வியாபாரப் படிப்பு அந்த வகையில் சேர்ந்ததாகவும் மற்றொன்று சேராததாகவும் இருக்கக்கூடும். பிரிட்டன், படிப்பு முடிந்தவர்களுக்கு இரண்டு வருஷம் என்று 2021ல் ஏற்படுத்திய அநுமதியைப் பதினெட்டு மாதமாகக் குறைக்கப் போவதாக 2025ல் அறிவித்தது. கானடா 2024ல் அயல் நாட்டு மாணவர் தொகைக்கே வரம்பு கட்டியது. ஆகவே, பையன் புறப்படும்போது இருந்த சட்டம் அவன் பட்டம் வாங்கும்போதும் இருக்கும் என்று நம்பி வீட்டை ஈடு வைப்பது, மழை வரும் என்று நம்பி விதை நெல்லை விற்பதற்குச் சமானம்.

பெற்றோர்களுக்குச் சில வார்த்தைகள்

அப்படியானால் போகவே வேண்டாமா? அது நம் அபிப்பிராயமல்ல. போகிறவர்கள் குமரப்பாவின் கண்ணோடு கணக்குப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பதே நாம் சொல்வது.

முதலில், கலாசாலையை விசாரிக்க வேண்டும். வியாபாரக் கலாசாலைகளுக்குத் தகுதிச் சான்று அளிக்கும் சபைகள் இருக்கின்றன. அமெரிக்காவின் ஏ.ஏ.சி.எஸ்.பி., ஐரோப்பாவின் ஈக்விஸ், லண்டனின் அம்பா ஆகிய மூன்றில் ஒன்றாவது அங்கீகரித்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. அட்மிஷன் வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகர்களில் பலருக்குக் கலாசாலையிலிருந்தே கமிஷன் கிடைக்கிறது. பெண் பார்க்கப் போகும்போது தரகர் சொல்லை மட்டும் நம்புவோமா? உறவுமுறையில் நாலு பேரை விசாரிப்போம் அல்லவா? அதேபோல் அங்கே படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களை நேரில் விசாரிக்க வேண்டும். கடையநல்லூர் போன்ற ஊரில், எந்தத் தெருவிலும் அயல் நாட்டில் இருக்கும் ஒரு மாமாவோ சித்தப்பாவோ கட்டாயம் அகப்படுவார்.

இரண்டாவது, இங்கே பட்டம் பெற்றதும் புறப்படாமல், இரண்டு மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டுப் போவது மேலானது. ஹார்வர்டில் பழக்கத்துக்கு வந்து உலகமெங்கும் பரவிய பாட முறை, நிஜமான கம்பெனிகளின் பிரச்னைகளை எடுத்து வகுப்பில் விவாதிப்பதாகும். ஒரு கடையின் கல்லாவைக்கூடப் பார்த்திராத பையன் அந்த விவாதத்தில் என்ன பேசுவான்? அப்பாவின் ஜவுளிக்கடைக் கணக்கை ஒரு வருஷம் எழுதியவனுக்கு அங்கே நாவும் எழும், மதிப்பும் உண்டாகும்.

மூன்றாவது, போவதற்கு முன்பே திரும்பி வருவதற்கும் ஒரு திட்டம் வேண்டும். அங்கே வேலை கிடைக்காவிட்டால் இங்கே என்ன செய்வது என்று ஒரு காகிதத்தில் எழுதி, அப்பா அம்மாவுக்கும் காட்டிவிட்டுப் போகட்டும். அந்தக் காகிதத்தில் எழுத விஷயம் இல்லையென்றால் இன்னும் ஒரு வருஷம் காத்திருக்கட்டும்.

நான்காவது, பெண் குழந்தைகளைப் பற்றி. சிங்கப்பூர்ச் சந்தையில் மசாலா விற்றுக் குடும்பத்தை நிலைநிறுத்திய பெண்களின் பேத்திகளுக்கு வியாபார புத்தி இல்லையென்று சொல்ல யாருக்கும் வாய் வராது. பையனுக்கு வீட்டை ஈடு வைக்கலாம், பெண்ணுக்கு வைக்கக்கூடாது என்ற கணக்கு எந்தப் பேரேட்டிலும் நேர்ப்படாது.

மற்றொரு விஷயமும் சொல்ல வேண்டும். அயல் நாட்டுப் பட்டம் ஒன்றே வழி என்று எண்ணி ஏங்குவதும் பிசகு. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறைக் கிராமத்தில் ஸோஹோ கம்பெனியின் காரியாலயம் இருக்கிறது. அதை ஸ்தாபித்தவர்களில் ஒருவரான ஸ்ரீ ஸ்ரீதர் வேம்பு அமெரிக்காவில் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் என்ஜினீயரிங் டாக்டர் பட்டம் பெற்றவர்; வியாபாரப் பட்டம் பெற்றவரல்லர். அவருடைய கம்பெனி நடத்தும் பயிற்சிப் பள்ளியில், கலாசாலைக்கே போகாத மாணவர்களைப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் சேர்த்துக்கொண்டு, உதவிச் சம்பளமும் கொடுத்துப் பழக்குகிறார்கள். உலகத்துக்கு விற்கும் சரக்கை உள்ளூரிலிருந்தே செய்யலாம் என்பதற்கு அது கண்கண்ட அத்தாட்சி.

தென்காசி ஜில்லாவில் வியாபாரம் கற்றவனுக்கு வேலை இல்லாமல் இல்லை. நெய்தவன் கையில் ஒரு விலையும் உடுத்துகிறவன் கையில் வேறொரு விலையுமாக விற்கும் துணி இருக்கிறது. பறித்த அன்று ஒரு விலையும் மறுநாள் அதில் பாதியுமாக விற்கும் எலுமிச்சை இருக்கிறது. சீஸன் மூன்று மாதமும் ஜனங்கள் நெருக்கியடித்து, மற்ற மாதங்களில் வெறிச்சென்று கிடக்கும் குற்றாலத்து விடுதிகள் இருக்கின்றன. இந்த இடைவெளிகள் எங்கே உண்டாகின்றன, அந்தப் பணம் யாருடைய பெட்டிக்குப் போகிறது என்று கணக்கெடுத்துச் சொல்ல, மாதர் தாலுகாவில் வீடு வீடாகப் போன மாணவர்களைப் போன்றவர்கள் வேண்டும்.

கடல் கடந்து போகும் நம் பிள்ளைகள் அந்நிய நாட்டிலேயே நிலைத்தாலும், திரும்பி வந்தாலும், அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். இரண்டு விதத்திலும் ஊருக்கு உபகாரம் செய்யலாம் என்பதற்கு உமறுப்புலவர் பள்ளியும் கல்லுப்பட்டி ஆசிரமமும் சான்று. நாம் கேட்பது ஒன்றே. செலவான பணத்துக்கு ஈடாகச் சம்பளச் சீட்டை மட்டும் காட்டாமல், தன் ஊரைப் பற்றிக் கற்றுக்கொண்ட ஒரு கேள்வியையும் கொண்டு வரட்டும். அந்தக் கேள்வி பாங்கிக் கடன் தீர்ந்த பிறகும் பலன் கொடுத்துக்கொண்டிருக்கும்.